மேற்குப் பார்த்த புறவாசலுக்கு எந்தக் கூரை?

பாளையங்கோட்டைக்குத் தெற்கே புதிதாக விரிந்துவரும் ஒரு நகரில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். கையால் வரைந்த படம், அளவுகள், வெல்டர் கொடுத்த எஸ்டிமேட்டின் நகல் எல்லாம் கூடவே இருந்தன. பெயரையும் தெருவையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கிழக்குப் பார்த்த வீடு. அடுக்களைக்குப் பின்னால், மேற்கே, 22 அடி நீளமும் 14 அடி அகலமுமாகப் புறவாசல். சுற்றிலும் 5 அடி காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனை. வடமேற்கு மூலையில் ஒரு வேப்பமரம், தென்மேற்கு மூலையில் வெந்நீர் போடும் விறகடுப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் மண் தரையை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறப் பார்க்கிங் டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். அதிலிருந்து பங்குனி, சித்திரையில் காலை 11 மணிக்கு மேல் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. சாயங்காலமானால் புறவாசல் படியில் உட்கார்ந்து கீரை ஆய்வதும், பூக்கட்டுவதும், வடக்கு வீட்டு ஆச்சியோடு பேசுவதுமாக இருந்த அவருடைய அம்மா, எண்பது வயதில் பட்டாசலில் ஃபேனுக்குக் கீழேயே முடங்கிவிட்டார். அவருக்காகத்தான் நிழல்.

வாசகரின் விருப்பம் சுவருக்குச் சுவர் நீல நிறக் கலர் சீட். அவர் மனைவிக்கு வத்தல் போடவும் துணி உலர்த்தவும் கொஞ்சம் வானம் வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகள், கண்ணாடி மாதிரி பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் தகடு போட்ட பர்கோலா, அதாவது இடைவெளி விட்டுச் சட்டங்கள் பரப்பிய பந்தல், படம் அனுப்பியிருக்கிறார். அம்மா சொல்வது ஓலைப் பந்தல். வெல்டரின் யோசனை இது: அடுக்களைச் சுவரில் 10 அடி உயரத்தில் ஆங்கிள் அடித்து, மேற்கு ஓரம் 9 அடிக்குச் சரித்து, காம்பவுண்டைத் தாண்டி அரை அடி நீட்டிவிடலாம், கால்களை டைல்ஸ் மேலேயே போல்ட் போட்டு நிறுத்திவிடலாம், வேப்பமரம் இடிக்கும், அதை எடுத்துவிடலாம், தற்காலிகக் கூரைதான் என்பதால் அனுமதி எதுவும் தேவையில்லை. 308 சதுர அடிக்கு, சதுர அடி 320 ரூபாய் வீதம், 98,560 ரூபாய். “எதைத் தேர்ந்தெடுப்பது? ஆடிக் காற்றுக்கு நிற்குமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள அண்ணாச்சி,

வீட்டில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மதினி கேட்கும் வானமும், அம்மா கேட்கும் குளிர்ச்சியும், மகள் கேட்கும் வெளிச்சமும், நீங்கள் கேட்கும் உறுதியும் எல்லாமே அந்த 308 சதுர அடிக்குத் தேவையானவைதான். எஸ்டிமேட்டில் உள்ளபடி போட்டால் இந்த நாலில் ஒன்றுகூடச் சரியாகக் கிடைக்காது. அதனால்தான் வெல்டருக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாலு மணி வெயில் எங்கே விழும்?

நிழல் என்றதும் எல்லாரும் மேலே பார்க்கிறோம். உச்சி வெயிலுக்கு அது சரி. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.7 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்டு கடைசியிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். அப்போது எந்தக் கூரை போட்டாலும் அதற்கு நேர் கீழே நிழல்தான். ஆனால் உங்கள் அம்மா உச்சி வெயிலில் புறவாசலில் வந்து உட்காரப் போவதில்லை. அவர் வருவது நாலு மணிக்கு மேல். அந்த நேரத்து வெயில் மேலிருந்து வருவதில்லை, மேற்கிலிருந்து சாய்ந்து வருகிறது.

உங்கள் அளவுகளை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் ஊரில் சித்திரை மாதம் சூரியன் உச்சிக்கு வருவதே ஏறத்தாழ 12.20-க்குத்தான். மாலை 4 மணிக்கு அது அடிவானத்திலிருந்து 35 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட நேர் மேற்கில் இருக்கும். ஒரு அடி உயரப் பொருளுக்கு அப்போது 1.4 அடி நீளம் நிழல் விழும். உங்கள் 5 அடிக் காம்பவுண்டின் நிழல் 7 அடி வரை வரும். 9 அடி உயரத்தில் இருக்கும் சீட்டின் மேற்கு ஓரத்துக்கும் காம்பவுண்டின் தலைக்கும் இடையே 4 அடி திறந்திருக்கிறது அல்லவா, அதன் வழியாக நுழையும் வெயில் 7-ஆம் அடியிலிருந்து 12-ஆம் அடி தாண்டி விழும். படி இருப்பது அங்கேதான். அம்மா அடுக்களைச் சுவரிலிருந்து 2 அடி தள்ளி உட்கார்ந்திருந்தால், முழுக் கூரை போட்ட பிறகும் 4 மணிக்கு வெயில் அவர் பாதத்தில் படும், 4.30-க்கு மடிக்கு ஏறும், 5 மணிக்கு முகத்தில் அடிக்கும். கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாய் செலவழித்தும் அவர் எழுந்து உள்ளே போக வேண்டியதுதான்.

எனவே கூரையின் பரப்பு உங்களுக்கு முக்கியமே இல்லை. மேற்குப் பக்கத்தில், காம்பவுண்டிலிருந்து 4 அடி உள்ளே தள்ளி, 2 அடி உயரத்திலிருந்து 8 அடி வரை, நிற்கிற மறைப்புதான் முக்கியம். அதற்குக் கீழே உள்ளதைக் காம்பவுண்டே பார்த்துக்கொள்ளும். கூரை பாதியாகச் சுருங்கினாலும் பரவாயில்லை, இந்த மறைப்பு இல்லாமல் எதையும் போடாதீர்கள்.

காற்றும் அதே மேற்கிலிருந்துதான்

மேற்கே மறைக்க வேண்டும் என்றதும் தார்ப்பாயோ சீட்டோ அடித்து மூடிவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் நம் சீமையின் சிக்கல் இருக்கிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்று உங்கள் புறவாசலுக்கும் அதே மேற்கிலிருந்துதான் வரும். தடுக்க அந்தப் பக்கம் வீடும் இல்லை, காலி மனை. காற்றாலைகள் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் வரிசை கட்டி நிற்பது இந்தக் காற்றை நம்பித்தானே. அடைத்து மறைத்தால் அந்தச் சுவரைக் காற்று தள்ளும். மேலேயும் கூரை இருந்தால் உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் அதைத் தூக்கும்.

“சீட் லேசானது, கால் எதற்குக் கனமாக?” என்று வெல்டர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சீட் லேசாக இருப்பதுதான் பயமே. உங்கள் 308 சதுர அடிக்கான சீட்டின் மொத்த எடை 140 கிலோ அளவுக்கு வரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வீச்சு அடித்தால் அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ. மொத்தப் பரப்புக்கும் சேர்த்தால் 1,300 கிலோவுக்கு மேல், மேல்நோக்கி. கோடை மழைக்கு முன்னால் சுழன்று வரும் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 நாட்டிலேயே காற்று குறைந்த பகுதிகளுக்கு எடுத்துக்கொள்ளும் அடிப்படை வேகம்கூட விநாடிக்கு 33 மீட்டர், அதாவது மணிக்கு 119 கிலோமீட்டர். டைல்ஸுக்குக் கீழே இருப்பது நாலு அங்குலச் சல்லிக் கான்கிரீட். அதில் அடித்த போல்ட்டை நம்பி இவ்வளவு பெரிய பாயை விரிக்கக் கூடாது, அண்ணாச்சி. பறந்து போகும் சீட் யார் தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது.

வெயிலை மறைத்துக் காற்றை விடும் பொருள்தான் மேற்குக்குச் சரி. கம்பிவலையில் ஏற்றிய கொடி, மூங்கில் தட்டி, நிழல்வலை, இடைவெளி விட்ட சட்டம், இவை எல்லாம் அந்த வகை. இவற்றில் என் முதல் ஓட்டு கொடிக்கு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எந்தப் பொருள்?

உங்கள் கலர் சீட்டையே முதலில் எடுத்துக்கொள்வோம். சீட் மோசமான பொருள் இல்லை. மழைக்கு நிற்கும், பராமரிப்பு குறைவு. ஆனால் நீல நிறம் வேண்டாம். அடர்த்தியான நிறம் வெயிலை வாங்கிக்கொண்டு கீழே இருப்பவர் உச்சந்தலையில் இறக்கும். வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் வாங்குங்கள். கீழே 4 அங்குலம் இடைவெளி விட்டு மூங்கில் பாய் அடித்தால், சீட்டின் சூடு நேராக இறங்காது, இடைவெளியில் காற்று ஓடும். இந்த ஒரு வேலைக்குக் கணக்குப் பார்க்காமல் செலவு செய்யலாம்.

இன்னொன்று, சீட்டைச் சுவரோடு ஒட்டவே கூடாது. உங்கள் படத்தில் அடுக்களை ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் அந்தச் சுவரில்தான் இருக்கின்றன. வெல்டர் சொன்னபடி 10 அடியில் ஒட்டிவிட்டால், சூடான காற்றும் தாளிப்புப் புகையும் அந்த மேல் மூலையில் அடைந்து திரும்பவும் ஜன்னல் வழியாக அடுக்களைக்கே வரும். மதினிதான் கஷ்டப்படுவார். சுவருக்கும் கூரைக்கும் நடுவே முக்கால் அடி இடைவெளி விடுங்கள். மழை அந்த வழியாக இறங்கும்தான். ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு இருப்பதால் உள்ளே வராது. சூட்டுக்கு மேலே போக ஒரு வழி வேண்டும்.

மகள் அனுப்பிய பாலிகார்பனேட் பற்றி. படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் வகை ஐந்தில் நாலு பங்கு ஒளியை அப்படியே உள்ளே விடும். ஒளியோடு சூடும் வரும். பெங்களூரின் வெயிலுக்கு அது பொருந்தலாம். நம் பங்குனிக்கு அது நாற்றங்கால் கூடாரம் ஆகிவிடும். வெளிச்சம் குறையுமே என்பதுதான் மகளின் கவலை என்றால், கூரையைச் சின்னதாக்கினாலே பக்கவாட்டிலிருந்து வேண்டிய வெளிச்சம் வந்துவிடும். பின்னால் எப்போதாவது பாலிகார்பனேட் போடுவதானால் பால் நிறம் வாங்கி, புற ஊதாக் கதிருக்கான பூச்சுள்ள பக்கம் மேலே வரும்படி போடச் சொல்லுங்கள். வெயில் ஏற ஏற அது சில மில்லிமீட்டர் நீளும் பொருள். திருகாணி ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக விடாவிட்டால் இரண்டே வருஷத்தில் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும்.

பர்கோலா என்ற யோசனையில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. சட்டங்கள் வடக்கு தெற்காக ஓட வேண்டும். 6 அங்குல ஆழமுள்ள சட்டங்களை 6 அங்குல இடைவெளியில் வைத்தால், சூரியன் 45 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் சட்டங்களுக்கு நடுவே வெயில் நுழையாது. கிழக்கு மேற்காக ஓடவிட்டால் சாயங்காலம் முழுக்கத் தரையில் கோடு கோடாக வெயில்தான். படத்தைப் பார்த்துக் கட்டும் பலரும் இந்தத் திசையைக் கவனிப்பதில்லை.

அம்மா சொன்ன ஓலையைப் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். ஓலை சூட்டைத் தேக்கி வைக்காது, அடுக்கு அடுக்காகக் காற்றை விடும். நிழலின் தரத்தில் அதை அடிக்கச் சீட்டோ பாலிகார்பனேட்டோ கிடையாது. ஆனாலும் உங்கள் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், காரணம் விறகடுப்பு. ஆடிக் காற்றில் ஒரு பொறி பறந்தால் போதும், அடுத்தது அடுக்களை, அங்கே கேஸ் சிலிண்டர். அடுப்பையே எடுத்துவிட்டால் அப்போது யோசிக்கலாம். அதற்குக்கூட இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மேய வேண்டும், மேய்கிற ஆளும் கிடைக்க வேண்டும். மூங்கில் பாயைச் சீட்டுக்கு அடியில் அடிக்கச் சொன்னதே அம்மா கேட்ட குளிர்ச்சியில் பாதியாவது வரட்டும் என்றுதான். பத்தமடைக் கோரைப் பாயை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். வெளியில் ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்துவிடும், நல்ல பாய் வீணாகும்.

மங்களூர் ஓடு நல்ல தேர்வுதான். ஆனால் கனம் அதிகம், சரிவும் கூடுதலாக வேண்டும், இரும்புச் சட்டத்தின் செலவு ஏறும். பாபநாசம், குற்றாலம் பக்கமாக இருந்தால் குரங்குகளுக்குப் பயந்து வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். உங்கள் பகுதியில் அந்தத் தொந்தரவு இல்லை, கைக்கு வசதியிருந்தால் போடலாம். ஆஸ்பெஸ்டாஸ் வேண்டவே வேண்டாம். அறுக்கும்போதும் துளைபோடும்போதும் பறக்கும் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

வேப்பமரத்தை வெட்டாதீர்கள்

கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இந்த ஒரு வரிதான். சீட்டுக்காக மரத்தை எடுத்துவிடலாம் என்கிறார்கள். அந்த மரம் நிற்கும் இடத்தைப் பாருங்கள், வடமேற்கு மூலை. சித்திரை கழிந்து வைகாசி, ஆனிக்குப் போகப் போகச் சூரியன் மறையும் இடம் நேர் மேற்கிலிருந்து வடக்கே நகரும். கத்தரி வெயில் நாட்களில் சாயங்கால வெயில் வருவதே அந்த மூலை வழியாகத்தான். உங்கள் புறவாசலில் இப்போது இருக்கும் நல்ல மறைப்பு அது ஒன்றுதான். வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்க்கும், பிறகு சீக்கிரமே தளிர்த்து, வெயில் உச்சத்துக்கு வரும்போது முழுக்கப் பச்சையாகிவிடும். உதிர்கிற இலையைக் கூட்டுவது மதினிக்குக் கூடுதல் வேலைதான், அதை மறுக்கவில்லை. அந்த ஒரு மாத வேலைக்காக வருஷங்களாக வளர்ந்த மரத்தை எடுத்துவிட்டு, அதே நிழலுக்குக் காசு கொடுத்து இரும்பு வாங்குவது நியாயமில்லை. காம்பவுண்டைத் தாண்டிச் சாயும் கிளைகளை மட்டும் ஆனிக்கு முன்னால் கழித்துவிடுங்கள். கூரையை மரத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடலாம்.

என் யோசனை

அடுக்களைச் சுவரிலிருந்து 10 அடி, வடக்குச் சுவரிலிருந்து தெற்கு நோக்கி 14 அடி. மொத்தம் 140 சதுர அடிக்கு மட்டும் கூரை. மேற்கே காம்பவுண்டை ஒட்டி 4 அடி திறந்தவெளி, தெற்கே 8 அடி திறந்தவெளி. தெற்கை ஏன் திறந்துவிடச் சொல்கிறேன் என்றால், கார்த்திகை, மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வடக்கே இருக்கும் கூரையின் நிழல் மதினியின் துணிக்கொடிமேல் விழாது. வத்தல், வடகம் போடும் மாசி, பங்குனியில் அங்கே நல்ல வெயில் கிடைக்கும். விறகடுப்பும் அந்தத் திறந்த பக்கத்திலேயே இருந்துவிடட்டும்.

சுவர்ப் பக்கம் 10 அடி, மேற்கே 8 அடி என்று சரியும் சட்டம், வீட்டுச் சுவரைப் பிடித்துத் தொங்காமல் தன் காலிலேயே நிற்கட்டும். ஆறு கால்கள். ஒவ்வொன்றுக்கும் டைல்ஸை வெட்டியெடுத்து, ஒன்றரை அடி சதுரத்தில் 3 அடி ஆழக் குழி தோண்டி கான்கிரீட் நிரப்ப வேண்டும். அப்படி ஒரு குழி கான்கிரீட்டின் எடை 450 கிலோ வரும். சுருங்கிய கூரையை 100 கிலோமீட்டர் காற்று தூக்கும் விசை மொத்தமே 600 கிலோ சொச்சம். ஆறு காலுக்கும் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் நூறு கிலோதான். கால் ஏன் கனமாக வேண்டும் என்று வெல்டர் மறுபடியும் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். தோண்டும்போது செம்மண்ணோ சரளோ வந்தால் இந்த ஆழம் போதும். கோவில்பட்டிப் பக்கம்போலக் கரிசல் வந்தால் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருக்கும் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், ஏனென்றால் கரிசல் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். கான்கிரீட்டைத் தரைக்கு மேலே அரை அடி உயர்த்தி, அதன்மேல் இரும்புக் கால் நிற்கட்டும். தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற தரையில் இரும்பு முதலில் துருப்பிடிப்பது அடியில்தான்.

மேற்கு வரிசைக் கால்களுக்கு நடுவே 2 அடியிலிருந்து 8 அடி வரை கம்பிவலை அடியுங்கள். அதற்கு வெளியே ஒன்றரை அடி அகலத்துக்கு டைல்ஸைப் பெயர்த்து மண்ணைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதில் முல்லையும் பிச்சியும் ஏற்றலாம், அம்மா கட்டுவதற்கு வீட்டிலேயே பூ கிடைக்கும். காய் வேண்டுமென்றால் கோவைக்கொடி பல வருஷம் நிற்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆடிப்பட்டத்தில் போடும் புடலையும் பீர்க்கும் மாசிக்குள் காய்ந்து சருகாகிவிடும். நிழல் அதிகம் தேவைப்படும் சித்திரையில் பந்தல் மொட்டையாக நிற்கும். சித்திரைக்கு அவை வேண்டுமென்றால் தையிலேயே விதை ஊன்றியாக வேண்டும். கீழே 2 அடி வரை இலை அடையாமல் கழித்துக்கொண்டே இருங்கள். காலி மனையை ஒட்டிய வீடு, பூச்சி பொட்டு வந்து அடையாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்க வேண்டும். செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது? புறவாசலில்தான் என்றால் அதன் மூடிமேலோ சுவர்மேலோ கால் எதுவும் வரக் கூடாது, லாரிக் குழாய் வந்து சுத்தம் செய்ய வழியும் விட வேண்டும். அதன் காற்றுக் குழாய் கூரைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் வாயு முழுக்க அம்மா உட்காரும் இடத்திலேயே இறங்கும். அதைக் கூரைக்கு மேலே உயர்த்திவிடுங்கள். வீட்டுக்கு வரும் மின் கம்பி எந்தப் பக்கமாகப் போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி, பக்கத்து மனை, மழைத்தண்ணீர்

“தற்காலிகக் கூரை” என்று பெயர் வைத்துவிட்டால் விதி பொருந்தாது என்பது பரவலாக இருக்கும் தவறான எண்ணம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி வீட்டைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடம் உண்டு. உங்கள் வீட்டின் அனுமதி வரைபடத்திலேயே அது அடி அளவோடு இருக்கும், முதலில் அதை எடுத்துப் பாருங்கள். அந்த இடத்துக்குள் கால் நட்டுக் கூரை போட்டால் அது கட்டுமானமாகவே பார்க்கப்படலாம், நாளைக்கு வீட்டை விற்கும்போதோ வங்கிக் கடன் வாங்கும்போதோ கேள்வி வரும். மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் உங்கள் மண்டல அலுவலகத்திலும், பஞ்சாயத்து என்றால் ஊராட்சி அலுவலகத்திலும், அளவோடு ஒரு படம் வரைந்து கொடுத்து எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். சொத்து வரி மாறுமா என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.

காம்பவுண்டைத் தாண்டி அரை அடி நீட்டுவது கூடவே கூடாது. மனை காலியாக இருந்தாலும் அதற்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார். அவர் இடத்துக்கு மேலே உங்கள் சீட் நீட்டிக்கொண்டிருப்பதும், உங்கள் கூரைத் தண்ணீர் அங்கே கொட்டுவதும் அவர் வீடு கட்ட வரும் நாளில் முதல் சண்டையாக எழும். 1 சென்டிமீட்டர் மழைக்கே, வெல்டர் சொன்ன முழுக் கூரையிலிருந்து 280 லிட்டருக்கு மேல் தண்ணீர் வடியும். 2023 டிசம்பர் 17, 18-ல் நாம் எல்லாரும் பார்த்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது 95 சென்டிமீட்டர். அப்படி ஒரு மழைக்குக் கூரை ஓரத்தில் மாட்டும் அரைவட்டக் குழாய் எதுவும் போதாது. 4 அடி உள்ளே தள்ளியிருந்தால் வழிகிற தண்ணீரும் உங்கள் மண்ணிலேயே விழும். சாதாரண மழைக்கு அந்தக் குழாயை மழைநீர் சேமிப்புத் தொட்டியில் இணைத்துவிடுங்கள். 2003-லிருந்து நம் மாநிலத்தில் அது எல்லா வீட்டுக்கும் கட்டாயம், உங்கள் வீட்டிலும் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். அது தூர்ந்துபோயிருந்தால் இந்தச் சாக்கில் அள்ளிவிடலாம்.

எதை எப்போது

இரும்பு வாங்கும் முன் ஒரு கோடையை வலையில் ஓட்டிப் பாருங்கள். 75 சதவீத நிழல்வலை வாங்கி, சவுக்குக் கம்பு நட்டு, நான் சொன்ன 14-க்கு 10 அடிக்கு மேலே ஒன்றும் மேற்குப் பக்கம் ஒன்றுமாகக் கட்டுங்கள். சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். சித்திரையில் அம்மாவை 4 மணியிலிருந்து 6 மணி வரை அங்கே உட்காரச் சொல்லி, எந்த இடத்தில் வெயில் படுகிறது, எந்த இடத்தில் காற்று வருகிறது என்று அவரிடமே கேளுங்கள். அவர் நாற்காலியை ஒரு அடி நகர்த்தச் சொன்னால் உங்கள் கூரையும் ஒரு அடி நகரட்டும். ஆனி பிறக்கும் முன் வலையைக் கழற்றிவிடுங்கள், ஆடிக் காற்றில் அது கிழியும், கம்பும் சாயும். ஆவணியில் குழி தோண்டினால் ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறிவிடும். டைல்ஸ் பெயர்த்த மண்ணில் மழைக்காலத்திலேயே முல்லையை வைத்துவிட்டால் அடுத்த சித்திரைக்குள் வலையில் பாதியாவது ஏறியிருக்கும். மீதிக்கு மூங்கில் தட்டி கட்டிக்கொள்ளலாம்.

எஸ்டிமேட்டை மறுபடியும் எழுதி வாங்குங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்ற ஒற்றை வரி போதாது. பைப் 3 அங்குலம், அதன் கனம் எத்தனை மில்லிமீட்டர், சீட் 0.50 மில்லிமீட்டர் என்றால் அது பெயிண்டோடு சேர்த்தா சேர்க்காமலா, வெல்டிங் செய்த இடங்களுக்கு ப்ரைமர் எத்தனை கை, திருகாணிக்கு ரப்பர் வாஷர் உண்டா, எல்லாம் தாளில் இருக்க வேண்டும். திருகாணி சீட்டின் மேட்டில் ஏற வேண்டும், பள்ளத்தில் ஏறினால் ஒழுகும். பரப்பு பாதிக்கும் கீழே குறைவதால், குழி, கான்கிரீட், மூங்கில் பாய் எல்லாம் சேர்த்தாலும் முதலில் கேட்ட தொகையைத் தாண்டத் தேவையிருக்காது என்றே நினைக்கிறேன். பணத்தை வேலைக்குத் தக்கபடி பிரித்துக் கொடுங்கள். கான்கிரீட் போடும் நாளன்று மட்டும் நீங்களோ மதினியோ குழிப் பக்கத்திலேயே நில்லுங்கள், ஒவ்வொரு குழியிலும் டேப்பை இறக்கிப் பார்த்த பிறகே கொட்டச் சொல்லுங்கள். ஒன்றரை அடியோடு நிறுத்திவிட்டு 3 அடி என்று சொல்வது சுலபம், மூடிய பிறகு யாராலும் அளந்து பார்க்க முடியாது.